புழு தின்ற மிச்சம்

ஓட்டை விழாத கீரையை அந்த அக்கா அடுப்பில் ஏற்ற மாட்டார். ஒரு கட்டில் நாலு இலையாவது புழு கடித்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டைப் பிரித்து ஒவ்வோர் இலையாக வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்ப்பார்களே, அதுபோல.

“மொதல்ல புழு தின்னு பாக்கட்டும். அதுக்கு ஒண்ணும் ஆவலைன்னா அப்புறம் நாம திங்கலாம்” என்பார்.

கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அதனாலேயே எனக்கு அவரிடம் ஒரு பயம். நான் சின்ன வயதிலிருந்தே பயந்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க மாட்டேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். ஆறு வருடத்தில் வாத்தியார் என் குரலைக் கேட்டது குறைவு. அந்த அக்காவின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அக்கா என்றே எழுதுகிறேன்.

கோலசிலாங்கூரிலிருந்து சுங்கை பெசார் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் செம்பனைத் தோட்டம், எண்ணெய்க்கு நட்ட பனை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் தமிழர் வீடு ஏழுதான் மிஞ்சியிருந்தது. மற்ற வீடுகளில் வேலைக்கு வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள். அக்கா வீடும் என் வீடும் ஒட்டின வீடுகள். நடுவில் பலகைச் சுவர். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். என் வீட்டுக்காரர் திட்டினால் அவருக்குக் கேட்கும்.

லயத்துக்குப் பின்னால் வாய்க்கால். அதன் கரையில், பெரிய மின்கம்பி போகிற நீள நிலத்தில், அக்காவின் கீரைக்கொல்லை. புதிதாகப் பார்க்கிறவர்கள் அதைக் கொல்லை என்று சொல்ல மாட்டார்கள். காடு என்பார்கள். தண்டுக்கீரைக்கு நடுவில் கத்தரி நிற்கும். கத்தரிக்கு அடியில் பயறு படரும். மரவள்ளி மேல் பாகல் ஏறியிருக்கும். இடையிடையே மஞ்சள், எலுமிச்சை மணக்கிற செரைப்புல், துலுக்கச் சாமந்தி. எதுவும் வரிசையில் இருக்காது.

“ஏங்கா, கயிறு புடிச்சு வரிசையா நட்டா பாக்க நல்லா இருக்கும்லா?” என்று கடைசி வீட்டுப் பெண் ஒரு தடவை கேட்டாள். கோயில் கூட்டத்தில் அவள்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பாள்.

அக்கா கத்தியால் எதிரே இருந்த செம்பனையைக் காட்டினார். கண்ணுக்கு எட்டும் வரை ஒரே மரம், ஒரே உயரம், ஒரே இடைவெளி. “ஒரே சாதியா நட்டா ஒரே நோவுல போவும். வரிசையா நட்டு வச்சா புழுவுக்குப் பந்தி போட்ட மாதிரி. ஒரு எலையில உக்காந்தா கடைசி எலை வரைக்கும் சாப்புட்டுப் போவான். இங்க பாரு, கீரையத் தின்னுட்டு அடுத்த வாய் வச்சா மஞ்சளு. சீன்னு போயிருவான்.”

அதற்குப் பிறகு செம்பனை வரிசைக்குள் நடக்கும்போது எனக்கு அந்தப் பேச்சு ஞாபகம் வரும். முப்பது வருடமாக நடந்த இடம்தான். ஆனாலும் ஏதோ பெரிய கூட்டம் பேசாமல் நின்று என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

எங்கள் பக்கத்து மண் களி. வெயிலில் வெடிக்கும், மழையில் காலைப் பிடிக்கும். ஆழமாக வெட்டினால் துருப்பிடித்த தகரம் மாதிரி நாற்றம் வரும். அக்கா வெறும் மண்ணைப் பார்த்தால் பொறுக்க மாட்டார். எண்ணெய் ஆலையிலிருந்து வருகிற, பழம் உதிர்த்த வெறுங்குலைகளை லோரிக்காரனிடம் கேட்டு வாங்கிப் போடுவார். மட்டை, புல், மாட்டுச் சாணி, சந்தைக் கடையில் கோப்பி வடிகட்டின சக்கை, எது கிடைத்தாலும் மண்ணுக்குப் போர்த்துவார். பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து மீன் கொண்டுவருகிறவரிடம் குடலும் செதிலும் வாங்கிக் குழி தோண்டிப் புதைப்பார்.

“அக்கா, உங்க கொல்லையில யாராச்சும் செத்துக் கெடக்குறாங்களா? வீட்டுல சோறு திங்க முடியல” என்று கடைசி வீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவாள்.

“மீனு செத்துக் கெடக்கு. அடுத்த மாசம் வெண்டைக்காயா எந்திரிக்கும். அப்ப கொழம்புக்குக் கேட்டு வருவ பாரு, அன்னைக்குக் கேக்குறேன் நாத்தத்த.”

அவள் அடுத்த மாதம் வெண்டைக்காய்க்கு வருவாள். அக்காவும் கேட்காமலே கொடுப்பார்.

போர்த்தின குப்பைக்குள் பாம்பு இருந்தது. நான் என் கண்ணாலேயே இரண்டு முறை நாகத்தைப் பார்த்தேன். அக்கா கொல்லைக்குள் நுழையும்முன் கம்பால் தரையை நாலு தட்டு தட்டுவார். “நான் வந்துட்டேன். நவுரு” என்பார். நவுந்ததா இல்லையா என்று பார்க்கவும் மாட்டார், உள்ளே போய்விடுவார். நான் வாய்க்கால் பாலத்திலேயே நின்றுகொள்வேன்.

பாம்பைவிட அக்காவைப் பற்றி லயத்தில் சொன்ன கதைதான் எனக்குப் பெரிய பயம். அவர் வீட்டுக்காரர் இளவயதிலேயே மருந்து குடித்துச் செத்தார். களைக்கும் பூச்சிக்கும் அடிக்கிற விஷத்தை நாங்கள் மருந்து என்றுதான் சொல்வோம். வீட்டில் சண்டை, இவள் வாய் பொறுக்காமல் அந்த மனிதன் குடித்துவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். “புருசன மருந்து குடிக்க வச்சவ” என்று அவர் காதில் விழுகிற மாதிரியே சொன்னவர்கள் உண்டு. அக்கா ஒருநாளும் பதில் சொன்னதில்லை. குனிந்து களை பிடுங்கிக்கொண்டே இருப்பார்.

அந்தக் காலத்தில் அக்காவும் நானும் ஒன்றாக மருந்து அடித்தவர்கள். முதுகில் பம்பு, கையில் குழாய். முன்னால் அவர், பின்னால் நான். மதியம் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டும். துடைத்துக்கொண்டு நடப்போம். என் விரல் நகங்கள் வெளுத்துப் பிளந்து விழுந்தன. வீட்டுக்காரர் செத்த பிறகு அக்கா பம்பைத் தொடவில்லை. பழம் பொறுக்கும் வேலைக்கு மாறிக்கொண்டார். நான் வாய் திறந்து வேறு வேலை கேட்கப் பயந்து, ஐம்பத்தைந்து வயது வரை அதையே அடித்தேன்.

ஒரு நாள், எங்களை வேலை வாங்க வந்த புது மண்டோர் வாய்க்கால் கரை முழுக்க மருந்து அடிக்கச் சொன்னார். கரையோடு போனால் அக்கா கொல்லைதான். நான் பம்போடு அங்கே போனபோது அக்கா கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“எந்திரிம்மா, வேலை நடக்கணும்” என்று மண்டோர் சத்தம் போட்டார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “அடி புள்ள. எம்மேலயும் சேத்து அடி. எனக்குப் புதுசா?”

மண்டோர் பின்னால் நிற்கிறார். வேலை போனால் வீடு போகும், லயத்து வீடு அப்படித்தான். நான் அடிக்கவும் இல்லை, அடிக்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. குழாயின் திருகை மெதுவாக மூடிவிட்டு, “பம்பு அடைச்சுக்கிச்சுங்க” என்றேன். மண்டோர் திட்டிக்கொண்டே வேறு பம்புக்கு ஆள் அனுப்பினார். அது வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அதன்பிறகு யாரும் அந்தக் கரைக்கு வரவில்லை.

சாயங்காலம் என் வீட்டு வாசலில் ஒரு கட்டு முருங்கைக்கீரை இருந்தது.

அந்தக் கீரைக் கட்டுக்குத் திரும்ப ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது. அந்த ஆசைதான் வினையாகிவிட்டது.

தோட்டத்து வேலையை விட்ட பிறகும் வயசானவர்கள் என்று லயத்து வீட்டில் இருக்க விட்டார்கள். சுங்கை பெசார் பக்கம் ஒரு காய்கறிப் பண்ணையில் வாரம் மூன்று நாள் களை பிடுங்கப் போனேன். அந்த வருடம் மாரியம்மன் திருவிழா அன்னதானத்துக்குக் கீரையும் கத்தரிக்காயும் தருவதாக அக்கா ஒப்புக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை திருவிழா. பத்து நாளுக்கு முன் மழை விட்டு வெயில் அடித்தது, புழு கூட்டமாக இறங்கியது. கீரை சல்லடை ஆகிவிட்டது.

கடைசி வீட்டுப் பெண் வந்து பார்த்தாள். “என்னாக்கா இது? சாமிக்குக் கீரைக்குப் பதிலா ஓட்டையவா பரிமாறப் போறோம்?” கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

“அவன் தின்னுட்டுப் போவான். குருவி வரும், குளவி வரும். பொறு” என்றார் அக்கா. ஆனால் குரல் சின்னதாக இருந்தது.

எனக்கு மனம் கேட்கவில்லை. பண்ணையில் புழுவுக்கு அடிக்கிற மருந்து பெரிய தகரத்தில் இருந்தது. யாரும் பார்க்காதபோது கொஞ்சம் எடுத்தேன். கொண்டுவரக் கையில் இருந்தது, சோறு கொண்டுபோன பையில் கிடந்த காலிக் கீச்சாப்பு போத்தல். சோயா கீச்சாப்பு, கறுப்பு மூடி போட்டது. நாங்கள் அப்படித்தான் செய்வோம். மருந்தை எதிலாவது ஊற்றிக்கொண்டு வருவது தோட்டத்தில் எல்லார் வீட்டிலும் நடக்கிறது.

திங்கட்கிழமை அக்கா ரத்த அழுத்தம் பார்க்க கிளினிக்குக்குப் போயிருந்தார். பட்டப் பகல். துணி தேய்க்கும்போது தண்ணீர் பீய்ச்சுகிற சின்னக் குப்பியில் இரண்டு மூடி மருந்து கலந்து எடுத்துக்கொண்டு போனேன். பாம்புப் பயம்கூட மறந்துவிட்டது. கம்பால் நாலு தட்டு தட்டிவிட்டுக் கீரை முழுக்க அடித்தேன். மிச்சம் இருந்த போத்தலை என் வீட்டுக் குளியலறைக்குப் பின்னால் ஒரு செங்கல் மேல் வைத்தேன்.

மறுநாள் புழுக்கள் சுருண்டு கிடந்தன. மூன்றாம் நாள் புதுத் தளிர் வந்தது. வெள்ளிக்கிழமை கீரை பச்சைப் பசேலென்று நின்றது. எனக்குச் சந்தோசம்தான். அக்கா மட்டும் கிளினிக் போய்வந்ததிலிருந்து முட்டி வலி என்று வெளியில் வரவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கோயில் பெண்கள் கூடையும் கத்தியுமாக வந்துவிட்டார்கள். அக்காவும் நொண்டி நொண்டி வந்தார். தரையைக் கம்பால் தட்டினார். ஒரு தளிரைக் கிள்ளி வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தார். இன்னொன்று. இன்னொன்று. பிறகு மெதுவாகக் குந்தி உட்கார்ந்து குப்பையைக் கையால் விலக்கினார். எறும்புச் சாரி நின்று போயிருந்தது. சிலந்தி வலை இருந்தது, சிலந்தி இல்லை. ஒரு தவளை வயிறு தெரியக் கிடந்தது.

“பழைய எலையில ஓட்டை இருக்கு. புது எலையில இல்ல” என்றார்.

“அதான் நல்லதுலா, அக்கா! அம்மாளே பாத்து வெரட்டிவிட்டுருக்கா” என்றாள் கடைசி வீட்டுப் பெண். குனிந்து ஒரு பிடி அறுத்தாள்.

அக்கா எழுந்து அவள் கூடையைத் தட்டிவிட்டார். பிறகு கீரையை வேரோடு பிடுங்க ஆரம்பித்தார். இரண்டு கையாலும். கத்தரிச் செடியையும் விடவில்லை.

“அய்யோ, என்னா செய்றீங்க? பைத்தியம் கியித்தியம் புடிச்சிருச்சா? நாளைக்கு எரநூறு பேருக்குச் சோறு!”

“இத யாரும் திங்கக் கூடாது.”

“குடுக்க மனசு இல்லைன்னா மொதல்லயே சொல்லணும். புருசனயே முழுங்கினவ, சாமிக்கா குடுக்கப் போறா?”

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். நான்தான் அடித்தேன் என்று ஒரு வார்த்தை. நான் பாலத்திலேயே நின்றிருந்தேன். அவர்கள் திட்டிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். நான் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

அக்கா நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், தெரிந்துகொண்டார். என்னைத் திட்டுவார், கையில் இருக்கிற செடியால் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஏன் அடித்தாய் என்றுகூடக் கேட்கவில்லை.

“எதுல கொண்டாந்த?”

எனக்குப் புரியவில்லை.

“பண்ணையிலேருந்து எதுல ஊத்திக் கொண்டாந்த புள்ள? சொல்லு!”

“கீச்சாப்பு போத்தல்ல...”

அவர் முகம் வெளுத்துவிட்டது. நாகத்துக்குப் பயப்படாதவர், மண்டோருக்குப் பயப்படாதவர். அந்த முகத்தில் நான் பயத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

“எங்க இருக்கு?”

“குளிக்கிற எடத்துக்குப் பின்னால, செங்கல்லு மேல.”

அக்கா ஓடினார். முட்டி வலிக்காரர், நொண்டிக்கொண்டே பாலத்தில் என்னை இடித்துத் தள்ளிவிட்டு ஓடினார். நானும் ஓடினேன். குளியலறைக்குப் பின்னால் செங்கல் இருந்தது. மேலே எதுவும் இல்லை.

என் வீட்டு அடுப்பங்கரையிலிருந்து முட்டை பொரித்த வாசம் வந்தது.

என் வீட்டுக்காரருக்குப் பொரித்த முட்டையும் கீச்சாப்பும் இருந்தால் வேறு கறி வேண்டாம். சோற்றைக் கறுப்பாக்கித்தான் சாப்பிடுவார். நாங்கள் உள்ளே போனபோது மேசையில் சோறு, சோற்றின்மேல் முட்டை, பக்கத்தில் இரண்டு கீச்சாப்பு போத்தல். ஒன்று கவிழ்ந்து காலியாகக் கிடந்தது. மற்றதை அவர் கையில் வைத்துக் கறுப்பு மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“வா வா. நல்ல கீச்சாப்ப எவளாச்சும் கொண்டுபோயி பாத்ரூம் பின்னால வைப்பாளா? நீ வரவர...”

அக்கா அந்தப் போத்தலைப் பறித்தார். தட்டையும் இழுத்துக்கொண்டார். குனிந்து சோற்றை மோந்து பார்த்தார்.

“இதுலேருந்து ஊத்துனீங்களா அண்ணே?”

“எங்க ஊத்த வுட்டீங்க? பழசுல கடைசி சொட்டு வரைக்கும் தட்டி ஊத்திட்டு, இப்பத்தான் இதத் தொறக்குறேன். குடுங்க தங்கச்சி, பசிக்குது.”

“இதுல பல்லி வுழுந்துருச்சு.”

“மூடி போட்ட போத்தல்ல பல்லி எப்புடிம்மா வுழும்?”

“எங்க வூட்டுப் பல்லி எங்க வேணாலும் நொழையும். கையக் கழுவுங்க. சவுக்காரம் போட்டுக் கழுவுங்க, போங்க!”

அவர் முணுமுணுத்துக்கொண்டே கை கழுவப் போனார். அக்கா சோற்றையும் கொடுக்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பின்வாசல் படியில் அக்கா அந்தப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிறகு, வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நான் கொண்டாந்தது ஆரஞ்சுத் தண்ணி போத்தல்ல. கீரையில புழு. கொஞ்சூண்டு அடிக்கலாம்னு. மனுசன் வெயில்ல பழக்கொலை வெட்டிட்டு தாகமா வந்தாரு.”

அவ்வளவுதான் சொன்னார். அத்தனை வருடமாக லயம் முழுக்கச் சொன்ன கதையை அவர் ஏன் மறுக்கவில்லை என்று அப்போது எனக்குத் தெரிந்தது. நான் அழுதேன். அவர் அழவில்லை.

“வாய்க்கால்ல ஊத்தாத. மண்ணுலயும் ஊத்தாத. எடுத்த எடத்துலயே கொண்டு போயி வையி” என்றார்.

திங்கட்கிழமை பஸ்ஸில் அந்தப் போத்தலை நான்கு பிளாஸ்டிக் பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு போனேன். பஸ் குலுங்கும் ஒவ்வொரு தடவையும் பை நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். அதற்கு முன்பே வீட்டில் பேனாவால் அதன்மேல் பெரிதாக ‘விஷம்’ என்று எழுதியிருந்தேன். பாதி வழியில்தான் யோசனை வந்தது, பண்ணையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. அங்கே போனதும் ஒரு அட்டையில் மண்டை ஓட்டை வரைந்து கட்டினேன். எனக்குப் படம் வராது. அது சிரிக்கிற பிள்ளை மாதிரி இருந்தது. மேற்பார்வையாளர் கேட்டபோது, வாழ்நாளில் முதல் தடவையாக, “நான் எடுத்தேன், தப்பு” என்று சொன்னேன். அன்றோடு அந்த வேலை போனது.

கோயில் பெண்களிடம் மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு முறை கடைசி வீடு வரை போய்த் திரும்பினேன். அக்காவிடம் சொன்னபோது, “வுடு. எனக்குப் பழகுனதுதானே” என்றார். அது என்னைத் திட்டியதைவிட மோசமாக இருந்தது.

மருந்து பட்ட அந்த இடத்தில் அவர் பல மாதம் தின்கிற எதையும் நடவில்லை. வெறுங்குலையைக் கனமாகப் போர்த்தினார். பயறு விதைத்தார், பூ விட்டதும் வெட்டி அங்கேயே மண்ணுக்குப் போட்டார். மறுபடியும் விதைத்தார், மறுபடியும் வெட்டினார். குலையில் காளான் பூத்தது, அதையும் தொடவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை கையைக் குப்பைக்குள் விட்டு ஒரு பிடி மண் எடுத்து மோந்து பார்ப்பார். திரும்பப் போட்டுவிட்டு வருவார். நான் பாலத்தில் நிற்பதை விட்டு, பாம்பு இருந்தால் இருக்கட்டும் என்று, உள்ளே போய்க் குலை சுமந்து போட்டேன்.

ஒரு காலை பலகைச் சுவரைத் தட்டிக் கூப்பிட்டார். போனேன். ஓரமாகத் தானே முளைத்த ஒரு தண்டுக்கீரையில், கடுகு அளவுக்கு ஓர் ஓட்டை. இலையைத் திருப்பிக் காட்டினார். பச்சையாக, நூல் மாதிரி, ஒருவன் ஒட்டிக்கொண்டிருந்தான்.

“வந்துட்டான் பாரு” என்றார். சிரித்தாரா என்று கேட்டால், வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. அவ்வளவுதான்.

அக்கா போய் இரண்டு வருடம் ஆகிறது. கலும்பாங்கில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போனவர் அங்கேயே முடிந்துவிட்டார். கடைசி வீட்டுப் பெண் கேட்டுவிட்டு, “பாவம், ஆனா புருசன் பாவம் சும்மா வுடுமா?” என்றாள். அன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை. இப்போது எழுதிவிட்டேன். அவள் படிப்பாள்.

நாங்கள் இப்போது டவுன் பக்கம் சின்ன வீட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு இன்றுவரை விசயம் தெரியாது. பொரித்த முட்டைக்குக் கீச்சாப்பு போத்தலை அவர் எடுக்கும்போதெல்லாம் நான் கையை நீட்டி வாங்கிவிடுவேன்.

“என்னா, இன்னும் பல்லியத் தேடுறியா?” என்று சிரிப்பார்.

“ஆமா” என்பேன். என் சோற்றில் ஒரு சொட்டு ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவேன். கொஞ்சம் பொறுத்திருந்துவிட்டுத்தான் போத்தலை அவர் பக்கம் தள்ளுவேன்.